193 தலைக்கட்டுக்கு ஒரு நீர்க்கட்டி

அந்தப் பொஸ்தகத்த இப்படிக் குடு தாயி. மூணு வாரமா ராத்திரிக்கு ராத்திரி சத்தம் போட்டுப் படிக்கிற. உனக்கு ஏறுச்சோ இல்லையோ, திண்ணையில வெத்தலை மென்னுக்கிட்டுக் கெடந்த எனக்கு அம்புட்டும் ஏறிப்போச்சு. ‘பன்னாட்டு அமைப்புகளில் மனிதவள மேலாண்மை: ஓர் அறிமுகம்’. தலைப்ப வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு வெத்தலை தீந்துருது. நாளைக்கு உனக்குப் பதிலா நானே பரீட்சை எழுதலாம். கையெழுத்துதான் கோழி கெளறுன மாதிரி இருக்கும்.

உங்கப்பன் அதுக்குள்ள ஊரெல்லாம் தண்டோராப் போட்டுட்டான், பிள்ளை ஐ.நா. சபைக்குப் போகப் போகுதுன்னு. நேத்து டீக்கடையில கேட்டாங்க, “பேத்தி அமெரிக்கா கவர்மெண்டுல வேலை பாக்கப் போகுதாமே?” “அமெரிக்காவும் இல்ல, இந்தியாவும் இல்ல, எந்தக் கவர்மெண்டுக்கும் சேராத வேலைப்பா”ன்னேன். டீ ஆத்திக்கிட்டிருந்தவன் கைய நிறுத்திட்டுக் கேட்டான்: “அப்போ சம்பளம் யாரு குடுப்பா? தப்புப் பண்ணுனா யாரு வைவா?” உன் பொஸ்தகம் நாப்பது பக்கம் சுத்தி வளைச்சு வர்ற எடத்துக்கு அவன் ஒரு கிளாஸ் ஆத்துற நேரத்துல வந்துட்டான். மார்க்க அவனுக்குப் போடு.

நீ படிக்கிறது ஒண்ணும் புது வித்தையில்ல. முப்பத்தொரு வருஷம் நானே அந்த உத்தியோகம் பாத்தவன்தான். சிரிக்காத. நம்ம கம்மாய்க்கு நீர்க்கட்டி நான். மடையத் திறக்கிறது, அடைக்கிறது, எவன் வயலுக்கு எத்தனை நாழி தண்ணி, கடைமடைக்கு முறை என்னிக்கு, எல்லாம் என் மம்பட்டிக் கணக்கு. ஆயக்கட்டுல அறுபது தலைக்கட்டு. அதுல எனக்குச் சொந்தமா ஒரு குழி நெலம் உண்டா? கெடையாது. அதுதான் என் தகுதி. நெலம் இருக்கிறவன் கையில மம்பட்டியக் குடுத்தா மொத வெட்டு தன் வரப்புலதான் விழும்னு ஊருக்குத் தெரியும். கூலி நெல்லு. ஏக்கருக்கு இத்தனை மரக்கால்னு அறுபது பேரும் களத்துல அளக்கணும். பெரிய வீட்டுக்காரர் மட்டும் தனியா அளந்து போட்டா நான் அவரு ஆளாயிருவேன் பாரு, அதுக்கு.

இப்ப உன் பாடத்தத் திருப்பு. ஐ.நா. சாசனம், 100-வது பிரிவு. அங்க வேலை பாக்குறவன் எந்தக் கவர்மெண்டுகிட்டயும் போய் உத்தரவு கேக்கக் கூடாது. குடுத்தாலும் வாங்கக் கூடாது. நாடுகளும் அவனப் பக்கம் இழுக்கக் கூடாது. 1945-ல சான் பிரான்சிஸ்கோவுல கோட்டுப் போட்டவங்க உக்காந்து எழுதுனத, எங்க பாட்டன் காலத்துலயே கம்மாய்க்கரை அரசமரத்தடியில வாயால பேசி முடிச்சுட்டாங்க. வித்தியாசம் என்னன்னா, எனக்கு எசமான் அறுபது. உனக்கு 193. அறுபது பேருகிட்டயே நான் வாங்குன வசவு கம்மாய்க்குள்ள கொட்டுனா கலுங்கு தாண்டும். நீ யோசிச்சுக்க.

ஆதியில இது இப்படி இல்லியாம். முதல் உலகப்போர் முடிஞ்சு சர்வதேச சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சப்போ, ஒவ்வொரு நாடும் தன் ஆள அனுப்பட்டும், சம்பளமும் அதுவே குடுக்கட்டும்னு ஒரு யோசனை இருந்திருக்கு. மொதச் செயலாளரா வந்த எரிக் டிரம்மண்ட்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரரு, அது வேண்டாம். எல்லா நாட்டுக்காரனையும் சேத்து ஒரே அலுவலகம், ஒரே சம்பளப் பட்டியல், விசுவாசம் சங்கத்துக்குத்தான்னு மாத்திட்டாரு. அவனவன் அவனவன் ஆளோட வந்தா அது அலுவலகமா இருக்காது தாயி, பஞ்சாயத்து நாளுல ரெண்டு கோஷ்டியும் கம்போட வந்து உக்காந்த மாதிரி இருக்கும்.

ஆனா சத்தியம் பண்ணி வாங்குறது லேசு. காப்பாத்துறதுதான் பேஜாரு. அதுக்கு உன் பொஸ்தகத்துல ரெண்டு கதை இருக்கே, அத நீ வேகமா வாசிச்சுட்டுத் தாண்டிட்ட. எனக்கு அதுதான் ருசி.

மொதக் கதை அமெரிக்காவுல. 1952, 53. மெக்கார்த்தி காலம், எந்த மரத்துக்குப் பின்னால கம்யூனிஸ்ட் ஒளிஞ்சிருக்கான்னு நாடே தேடுது. ஐ.நா. கட்டடம் அவங்க ஊர்ல. அதுல வேலை பாக்குற அமெரிக்காக்காரங்களக் கூப்பிட்டு செனட் கமிட்டி விசாரிக்குது. அமெரிக்கச் சட்டத்துல அஞ்சாவது திருத்தம்னு ஒண்ணு இருக்கு, எனக்கு எதிரா நானே பேச மாட்டேன்னு வாய மூடிக்கிறதுக்கு. சில பேரு அதச் சொல்லி மூடிக்கிட்டாங்க. மூடுன பாவத்துக்கு, பொதுச்செயலாளர் டிரிக்வே லீ அவங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாரு. கைரேகை எடுக்க எஃப்.பி.ஐ. ஐ.நா. கட்டடத்துக்குள்ளயே அலுவலகம் போட்டுச்சு. எந்தக் கவர்மெண்டுக்கும் கட்டுப்படாத வீட்டுக்குள்ள ஒரு கவர்மெண்டோட போலீசு வந்து மையத் தடவுது, பாத்துக்க.

போனவங்க சும்மா இருக்கல. ஐ.நா.வுக்குன்னு 1949-லயே ஒரு நிர்வாகத் தீர்ப்பாயம் வச்சிருந்தாங்க, அங்க போய் நின்னாங்க. தீர்ப்பாயம் 11 பேருக்கு நஷ்டஈடு குடுன்னுது. பொதுச் சபைக்குக் கையி வரல; குடுக்காம இருக்க வழியிருக்கான்னு ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தக் கேட்டாங்க. 1954-ல அது சொல்லிருச்சு: நீங்களே கட்டுன தீர்ப்பாயம், அது சொன்னாக் குடுத்துத்தான் ஆகணும். இத ஏன் சொல்றேன்னா, அந்தச் சபைய எந்த நாட்டுக் கோர்ட்டுலயும் ஏத்த முடியாது, அதுக்கு விலக்கு உண்டு. தொழிலாளர் கோர்ட்டு, அந்தக் கோர்ட்டு, இந்தக் கோர்ட்டு ஒண்ணும் செல்லாது. வீட்டுக்குள்ளயே ஒரு நீதி வேணும். 2009-லேர்ந்து அத ரெண்டு படியாக்கி, கீழ ஒண்ணு, மேல அப்பீலுக்கு ஒண்ணுன்னு வச்சிருக்காங்க. பரீட்சைக்கு இத எழுது. நாளைக்கு நீயே வாசல்ல நிக்க வேண்டியிருந்தா வழியும் தெரியும்.

ரெண்டாவது கதை ரஷ்யாவோடது. 1960-ல சோவியத் தலைவரு குருஷ்சேவு நியூயார்க்குக்கு வந்து, ஒரே பொதுச்செயலாளர்னா அவரு ஏதோ ஒரு பக்கம்தான் சாய்வாரு. அதனால மூணு பேரப் போடுங்க, மேற்க ஒண்ணு, சோஷலிஸ்ட் பக்கம் ஒண்ணு, நடுவுல நிக்கிறவங்களுக்கு ஒண்ணுன்னாரு. ஏ ஆத்தா, ஒரு கம்மாய்க்கு மூணு நீர்க்கட்டி! தண்ணி எங்க பாயும்? மூணு பேரு மம்பட்டிக்கும் எடையில நின்னு சுழிக்கும். நல்லவேளை, யாரும் ஒத்துக்கல. இம்புட்டுக்கும் ரஷ்யா ஆளுங்க அந்த வீட்டுக்குள்ள பாதி சத்தியத்தோடதான் இருந்தாங்க. சம்பளத்துல ஒரு பங்க அவங்க நாட்டுத் தூதரகத்துல கட்டணும். காலம் முடிஞ்சா ஊருக்குத் திரும்பிரணும். துணைப் பொதுச்செயலாளர் அந்தஸ்துல இருந்த ஷெவ்சென்கோங்கிறவரு 1978-ல நேரா அமெரிக்காக்காரன்கிட்டப் போயிட்டாரு. எந்த நாட்டுப் பக்கமும் போகக் கூடாத ஆளு, ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்குத் தாவுறாரு. இதுக்கெல்லாம் விதி எழுதி மாளாது.

அந்தக் குருஷ்சேவுக்குப் பதில் மாதிரி, அப்பப் பொதுச்செயலாளரா இருந்த ஹாமர்ஷால்ட் 1961 மே மாசம் ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு பேச்சுப் பேசுனாராமே, அத ரெண்டு வாட்டி வாசிக்கச் சொன்னேன்ல? மனுஷன் நேரா ஒத்துக்கிடுறாரு: மனசுல விருப்பு வெறுப்பு இல்லாத ஆளு கெடையாது. ஆனா அது இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, வேலையில அதக் கலக்காமப் பாத்துக்க முடியும், கடைசியில அது நேர்மையில வந்து நிக்கிற விஷயம்ங்கிறாரு. நாலு மாசத்துல ஆப்பிரிக்காவுல ந்டோலா பக்கத்துல விமானம் விழுந்து போய்ச் சேந்துட்டாரு. பாவம்.

நான் அவரு பேச்ச எதுக்கு ரெண்டு வாட்டி கேட்டேன் தெரியுமா? ஒரு பஞ்சத்து வருஷம். கம்மாயில தண்ணி மடைக்கு ஒரு சாண் மேலதான் கெடக்கு. என் தங்கச்சி மாப்பிள்ளை கடைமடையில ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நட்டிருக்காரு. பொதிப் பயிரு, கதிரு வெளிய வர்ற நேரம், காயுது. தங்கச்சி வந்து ஒண்ணும் கேக்கல. வாசல்ல உக்காந்து கூழு குடிச்சுட்டு, சொம்பக் கழுவி வச்சுட்டுப் போயிட்டா. கேட்டிருந்தாக்கூட முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அன்னிக்கு ராத்திரி மடையில கொஞ்சம் கசிவு இருந்துச்சுன்னு வச்சுக்கயேன். விடியக் காலம் நானே போய் அடைச்சேன். ஊருல ஒருத்தரும் கேக்கல. அவங்க வீட்டுலயும் தங்கச்சி இருக்குல்ல. ஆனா ஹாமர்ஷால்ட்டுன்னு ஒரு ஆளு என்னக் கேட்டிருப்பாருன்னு நீ வாசிக்கும்போது தோணுச்சு, அதான்.

சரி, சோலியப் பாப்போம். உன்ன எப்படி எடுப்பாங்க? அதுக்கு அடுத்த பிரிவு, 101. திறமை, தகுதி, நேர்மை இந்த மூணுதான் எல்லாத்துக்கும் மேலன்னு ஒரு வரி. அதுக்கு அடுத்த வரி, கூடுமானவரைக்கும் உலகத்தோட எல்லாப் பக்கத்துலயிருந்தும் ஆளெடுக்கணும். ரெண்டு வரியும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு, ஓரகத்திக மாதிரி. வெளிய சிரிச்சுக்கும், அடுப்படியில பேச்சு வார்த்தை கெடையாது.

ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேருலேர்ந்து இத்தனை பேரு வரைக்கும் இருக்கலாம்னு ஒரு வரம்பு வச்சிருக்காங்க. எல்லா வேலைக்கும் இல்ல, குறிப்பிட்ட கொஞ்சம் பதவிகளுக்கு. அந்தக் கணக்கப் பாரு: நூத்துல உறுப்பினரா இருக்கிறதுக்கும் கட்டுற வரிக்கும்தான் பெரும்பங்கு, சனத்தொகைக்கு 5 பங்கு. நம்ம நாட்டு 140 கோடிப் பேரு அந்த அஞ்சுக்குள்ளதான் தீபாவளி பஸ்ஸு மாதிரி ஏறணும். இளைஞர்களுக்குன்னு ஒரு பரீட்சை வைக்கிறாங்களே, 32 வயசுக்குள்ள இருக்கணும், அதுலயும் அந்த வருஷம் எந்த நாட்டுக்கு ஆளு கொறைச்சலோ அந்த நாடுகளுக்குத்தான் வாசல் திறக்கும். ஆக, நீ எம்புட்டு படிச்சிருக்கங்கிறது ஒரு பக்கம். உனக்கு முன்னாடி உன் ஊர்க்காரன் எத்தனை பேரு உள்ள போய் உக்காந்திருக்கான்கிறது இன்னொரு பக்கம். உள்ள இருக்கிறவனப் பாத்துப் பெருமைப்படுறதா, வயிறெரியிறதான்னு நீயே முடிவு பண்ணு.

நம்மாளுங்க போகாம இல்ல. ஐ.சி.எஸ். அதிகாரியா இருந்த சி.வி. நரசிம்மன்னு நம்ம தமிழ்நாட்டுக்காரரு, ஊ தாண்ட் பொதுச்செயலாளரா இருந்தப்போ அவரோட அலுவலகத்துக்கே தலைமை. 1966 அக்டோபர்ல ஐ.நா. மன்றத்துல எம்.எஸ். அம்மா பாடுனாங்களே, அந்தக் காலம். அந்த அம்மா எந்த நாட்டு ஒதுக்கீட்டுல பாடுனாங்கன்னு யாரும் கேட்டதா நான் கேள்விப்படல.

இப்ப மனு. அது ஒரு தனி நாடகம். ‘இன்ஸ்பிரா’ன்னு ஒரு கம்ப்யூட்டர் வாசல். அதுல உன் சரித்திரத்தப் போடணும். 2021-ல அவங்க நாலு விழுமியம்னு அறிவிச்சிருக்காங்க: எல்லாரையும் சேத்துக்கிறது, நேர்மை, பணிவு, மனிதாபிமானம். மூணாவது என்ன? பணிவு! எனக்குப் பொறையேறிருச்சு. ஏன்னா அடுத்த பக்கத்துலயே, நீ சாதிச்சதெல்லாம் எண்ணிக்கையோட எழுதுங்கிறாங்க. “நான் மிகுந்த பணிவோட மூணு நாட்டுல நாலு திட்டத்தத் தனி ஆளா நிமித்தி நிறுத்தினேன்”னு எழுதணும் போல. எழுது தாயி. பொண்ணு பாக்க வர்றப்போ தலையக் குனிஞ்சுக்கிட்டே கழுத்துச் சங்கிலியக் காட்டுவாங்கல்ல, அந்தப் பக்குவம் வேணும்.

நேர்முகத்துல இன்னும் வேடிக்கை. “நீ ஒரு சிக்கல எப்படித் தீத்த? நடந்தத ஒண்ணு சொல்லு”ன்னு கேப்பாங்க. என்ன நிலைமை, உனக்கு என்ன பொறுப்பு, நீ என்ன பண்ணுன, என்ன வெளைஞ்சுச்சு, இந்த வரிசையில சொல்லணும். இங்கதான் நம்ம பிள்ளைக விழுறது. நம்ம வளப்பு “நாங்க செஞ்சோம்”னு சொல்ல வைக்கும். அவங்க கேக்குறது ‘நான்’. கோயில் திருவிழாவ ஊரே சேந்து நடத்திருச்சுன்னு சொன்னா, “ஊரு இருக்கட்டும், நீ என்ன பண்ணுன?”ம்பாங்க. நான் கரண்டி பிடிச்சேன்னு கூச்சப்படாமச் சொல்லு. எத்தனை பேருக்குச் சாம்பார் ஊத்துனேன்னும் சொல்லு. ஆனா உங்கப்பன் மாதிரி, தேரையே நான்தான் இழுத்தேன்னு சொல்லிராத. அங்க சரிபாக்குறவன் இருக்கான்.

அதுக்கு அப்புறம் காத்திருப்பு. வேலைய அறிவிச்சு ஆளத் தேர்ந்தெடுக்க 120 நாள்னு அவங்களே ஒரு இலக்கு வச்சு, அவங்களே அதத் தாண்டிப் போவாங்க. அந்த நாளுல ரெண்டு பூ வெள்ளாமை எடுத்துறலாம். அதுக்குள்ள உங்கம்மா மாப்பிள்ளை பாத்து முடிச்சிருவா, ஜாக்கிரதை.

நடுவுல உன் பொஸ்தகம் கம்பெனிகளப் பத்தி ஒரு அத்தியாயம் வச்சிருக்கு. பெர்ல்மட்டர்னு ஒருத்தரு 1969-ல எழுதுனது: வெளிநாட்டுக் கிளைக்குத் தலைமை அலுவலகத்து ஆளையே அனுப்புறவன், அந்தந்த ஊர்க்காரனையே போடுறவன், எவனா இருந்தாலும் தகுதியுள்ளவனப் போடுறவன்னு. கம்பெனிக்கு லாபம்னு ஒரு அளவுகோல் இருக்கு, எது சரின்னு வருஷக் கடைசியில தெரிஞ்சுரும். உன் சபையில எது லாபம்? சண்டை வராம இருந்தா லாபம். வராத சண்டையக் கணக்குப் புத்தகத்துல எந்தப் பக்கம் எழுதுவ? அதனால அந்த அத்தியாயத்த ஒரு தரம் புரட்டுனாப் போதும்.

சம்பளத்துக்கு வருவோம். இங்கதான் உங்கப்பன் நிமிந்து உக்காருவான். 1921-ல நோப்ளமேர்னு ஒரு பிரெஞ்சுக்காரரு தலைமையில ஒரு குழு சொல்லுச்சு: உலகத்துல எந்த நாட்டுச் சர்க்கார் உத்தியோகஸ்தனுக்குச் சம்பளம் கூடுதலோ, அதப் பாத்து இங்க சம்பளம் வை. ஏன்? கொறைச்சு வச்சா அந்தப் பணக்கார நாட்டுக்காரன் வர மாட்டான். நாட்டுக்கு ஒரு சம்பளம்னு வச்சா, பக்கத்துப் பக்கத்து மேசையில ஒரே வேலை பாக்குறவன் ஒருத்தன் மொகத்துல ஒருத்தன் முழிக்க மாட்டான். அன்னிக்கு பிரிட்டிஷ் உத்தியோகஸ்தன் அளவுகோல். இன்னிக்கு அமெரிக்க மத்திய அரசு உத்தியோகஸ்தன். வெளியூர்ல வந்து கெடக்கிறதுக்கு அவனுக்கு மேல 10 முதல் 20 சதவீதம் கூட. இது பி, டின்னு சொல்ற அதிகாரிங்க வகைக்கு. பி-1லேர்ந்து பி-5, அதுக்கு மேல டி-1, டி-2.

அதே கட்டடத்துல ஜி வகைன்னு இன்னொரு சாதி இருக்கு. கடுதாசி அடிக்கிறவங்க, கணக்கு வைக்கிறவங்க, வண்டி ஓட்டுறவங்க. அவங்கள உள்ளூர்லயே எடுப்பாங்க. அந்த ஊர்ல நல்லாக் குடுக்கிற முதலாளிங்க என்ன குடுக்கிறாங்கன்னு பாத்து அதுக்கு ஏத்தாப்புல சம்பளம். ஜெனிவாவுல ஜி-காரன் நிம்மதியா இருப்பான். ஏழை நாட்டுல இருபது வருஷம் அலுவலகத்தையே தூக்கி நிறுத்துன ஜி-காரம்மா, நேத்து வந்த பி-2 பையனுக்கு ஃபைலு எங்க இருக்குன்னு சொல்லிக்குடுத்துட்டு, அவன் வாங்குறதுல ஒரு துண்டு வாங்கிட்டுப் போவாங்க. நீ பி-யாப் போனா, மொத நாளு அந்தம்மா யாருன்னு கண்டுபிடிச்சு வணக்கம் சொல்லு. பொதுச்செயலாளருக்கு அப்புறமாச் சொல்லிக்கலாம்.

நம்ம பஞ்சப்படி மாதிரி அவங்களுக்கு ஒரு ஊர்ப்படி உண்டு. அடிப்படைச் சம்பளம் உலகம் முழுக்க ஒண்ணு. விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஊர்ப்படி ஏறும், எறங்கும். இந்தக் கணக்கப் பாக்குறதுக்குன்னே 1970-கள்ல 15 பேரு கொண்ட ஒரு ஆணையம் போட்டாங்க. 2017-ல அந்த ஆணையம் ஜெனிவா விலைவாசியக் கணக்கெடுத்து, ஊர்ப்படியக் கொறைன்னுது. சுவிட்சர்லாந்துல விலைவாசி கொறைஞ்சதுன்னு அங்க கறிகாய் வாங்குற ஒருத்தரும் நம்பல. வேலைநிறுத்தம் வரைக்கும் போச்சு. அப்புறம் வழக்கு. இங்கதான் கூத்து. அந்த ஒரே ஊர்ல இருக்கிற அமைப்புக எல்லாம் ஒரே தீர்ப்பாயத்துக்குக் கீழ இல்ல. உலகத் தொழிலாளர் அமைப்பு, உலகச் சுகாதார அமைப்பு இவங்களுக்கெல்லாம் ஒரு தீர்ப்பாயம், ஐ.நா. செயலகத்துக்கு வேற. 2019-ல தொழிலாளர் அமைப்போட தீர்ப்பாயம், ஊர்ப்படிய முடிவு பண்ண ஆணையத்துக்கே அதிகாரமில்ல, வெட்டுனது செல்லாதுன்னுருச்சு. ஐ.நா.வோட தீர்ப்பாயம் செல்லும்னுது. ஆகக்கூடி ஒரே ஊரு, ஒரே ரொட்டிக்கடை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சம்பளம், அந்தப் பக்கம் ஒரு சம்பளம். ஒரே மேசையில சமமா உக்காரணும்னு நோப்ளமேர் பட்ட பாடு! கடைசியில பொதுச் சபை ஆணையத்தோட விதியையே திருத்தி ஒட்டுப்போட்டுச்சு. நம்ம மடைக்குச் சாக்குமூட்டை வச்ச கதைதான்.

இந்த ஜெனிவாவுலதான் 2015-ல ஒரு பயிற்சிப் பையன், சம்பளமில்லாம ஐ.நா.வுல வேலை பாக்க வந்தவன், வாடகை குடுக்க மாட்டாம ஏரிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்குனான்னு உலகப் பத்திரிகையெல்லாம் எழுதுச்சு. நீ பயிற்சிக்குப் போறதாயிருந்தா சொல்லு, நம்ம களத்துப் படுதா நல்லதா ஒண்ணு இருக்கு.

எல்லா ஊரும் ஜெனிவா இல்ல தாயி. ஊர்களுக்கும் அவங்க தரம் போட்டிருக்காங்க. சுகமான ஊருக்கு எச். அதுக்கப்புறம் ஏ, பி, சி, டி, இ. போகப் போகச் சிரமம்; காபூல், ஜூபா மாதிரி ஊரெல்லாம் கடைசி எழுத்துல. அங்க கூடுதல் படி உண்டு. குடும்பத்தக் கூட்டிப் போக முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருக்கா, எட்டு வாரத்துக்கு ஒருக்கான்னு மனசு ஆற வெளிய அனுப்புவாங்க. இதெல்லாம் படிக்கும்போது நீ கேலியாத்தான் வாசிச்ச, பரீட்சைக்கு வர்ற எழுத்தா.

2003 ஆகஸ்ட் 19-ந்தேதி பாக்தாத்துல ஐ.நா. அலுவலகம் இருந்த ஹோட்டலுக்கு வெளிய ஒரு லாரியக் கொண்டாந்து வெடிச்சாங்க. 22 பேரு. அதுல செர்ஜியோ வியேரா டி மெல்லோன்னு அவங்கள்லயே பேரு பெத்த ஒரு பிரேசில்காரரு. ஹோட்டல் பேரு கேனல் ஹோட்டல்னு நீ வாசிச்ச. கேனல்னா என்னன்னு கேட்டேன், வாய்க்கால்னு சொன்ன. அன்னிக்கு ராத்திரி நான் பேசாமப் படுத்துக்கிட்டேன், நீ கவனிச்சிருக்க மாட்ட. யாரு பக்கமும் இல்லாதவன யாரும் அடிக்க மாட்டாங்கன்னு அம்புட்டு நாளு நெனைச்சிருக்காங்க. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டுத் தனியா ராத்திரி வாய்க்கா மேல நடந்தேன். பாதுகாப்புக்குன்னு தனித் துறை 2005-ல வந்துச்சு. மனிதவளம்ங்கிற பாடத்துல இது ஒரு பத்தி. செத்தவங்க வீட்டுக்குத் தந்தி எழுதுனவனும் மனிதவளத் துறைக்காரனாத்தான் இருந்திருப்பான்.

வெத்தலைய எடு. சுண்ணாம்பு கொஞ்சமாத் தடவு.

இப்ப நீ போற நேரத்தப் பத்திச் சொல்றேன். நேரம் சரியில்ல. சோசியம் இல்ல, கணக்கு. தலைக்கட்டு வரிதான் அங்கயும் சம்பளம். கட்ட முடிஞ்சவன் நெறைய, முடியாதவன் கொறைய. அமெரிக்காவுக்கு 22 சதவீதம், அதுக்கு மேல யாருக்கும் கெடையாதுன்னு வரம்பு. சீனா 20-ஐத் தொட்டிருச்சு. ஏழை நாட்டுக்கு 0.001. ஆனா பெரிய வீட்டுக்காரங்க அளக்கிறது எந்தக் களத்துலயும் கடைசியாத்தான். 2019-ல கையில காசில்லாம நியூயார்க்கு கட்டடத்துல நகரும் படிக்கட்டையே நிறுத்தி வச்சாங்க. உலகத்துக்கே மேல ஏற வழி சொல்றவங்க நடந்து ஏறுனாங்க. 2025-ல இன்னும் இறுகிப் போய், செயலகத்துல அஞ்சுல ஒரு வேலையக் கொறைக்கணும்னு பொதுச்செயலாளர் குட்டெரெஸ் உத்தரவு போட்டாரு. அகதிகளப் பாக்குற அமைப்பு மட்டும் 3,500 பதவிய எடுத்துருச்சு. நீ படிக்கிற பாடத்துல ஆளெடுக்கிறது எட்டு அத்தியாயம், ஆளக் கழிக்கிறது அரை அத்தியாயம். பொஸ்தகம் எழுதுனவரு நல்ல மழை வருஷத்துல எழுதியிருக்காரு.

அதுக்காகப் போகாதன்னு சொல்லல. போ. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குன்னா ஒரு வருஷம்னே நெனை; நீட்டிப்பாங்கன்னு உங்கப்பன் சொன்னா காதுல வாங்காத, அவன் பேச்ச நம்பி வீடு கட்டக் கடன் வாங்காத. 65 வயசு வரைக்கும் இருந்தா ஓய்வூதியம் உண்டு, உன் பங்கு 7.9 சதவீதம் பிடிப்பாங்க, அவங்க அதப்போல ரெண்டு மடங்கு போடுவாங்க; நான் மம்பட்டியக் கீழ வச்சப்போ எனக்கு ஒரு வேட்டி துண்டு குடுத்தாங்க. பிரெஞ்சு கத்துக்க, அங்க வேலைக்கு ரெண்டு மொழி, இங்கிலீஷும் பிரெஞ்சும். நம்ம நாட்டுத் தூதரகத்துல விருந்துக்குக் கூப்பிட்டா சாப்பிட்டுட்டு வா. சாப்பிடும்போது, “அந்த ஃபைலு என்ன ஆச்சு?”ன்னு ஒருத்தர் அன்பாக் கேப்பாரு பாரு, அப்ப பாயாசம் கேட்டு வாங்கி வாயில போட்டுக்க. வாயில பாயாசம் இருக்கிறவ பதில் சொல்ல வேண்டியதில்ல.

கடைசியா ஒரு வேலை வச்சிருக்கேன் உனக்கு. சாசனத்துல 19-வது பிரிவுன்னு ஒண்ணு வாசிச்சியே, ரெண்டு வருஷ வரி பாக்கி சேந்துட்டா பொதுச் சபையில அந்த நாட்டுக்கு ஓட்டு கெடையாதுன்னு. அத நல்ல தமிழ்ல, பெரிய எழுத்துல ஒரு தாள்ல எழுதிக் குடு. பெரிய வீட்டுல என் கூலி நெல்லு கடைசி ரெண்டு பூவுக்கும் இன்னும் அளக்கல, பன்னெண்டு மரக்கால். வர்ற வெள்ளிக்கிழமை கம்மாய்க்கூட்டம். நீ பக்கத்துல நின்னு வாசி. நான் பணிவாத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறேன்.